ஒற்றைக்காலில் பத்து விநாடி

டீச்சர் இன்றைக்கும் நாலாவது விநாடியில் நாற்காலியைப் பிடித்துவிட்டார்.

ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்க வேண்டும். எதையும் பிடிக்கக் கூடாது. எலும்பு தேய்ந்த பெண்களுக்காக ஆஸ்பத்திரியில் நடக்கும் வகுப்பில் அதுதான் பரீட்சை. ஏழு பேரும் ஆடினார்கள். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சருக்குத்தான் அவசரம்.

குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்த நாளிலிருந்து அவர் வீட்டுச் சாவி மகனிடம். "தனியா இருந்தது போதும், என்னோட வந்துடு" என்று அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். அம்மாவால்தான் நிற்க முடியவில்லை. தேறிவிட்டதாக வகுப்பை நடத்தும் பிசியோ எழுதிக் கொடுத்தால் சாவி தருவானாம். அவன் தந்த கெடு இன்றோடு முடிகிறது.

"காலைப் பாக்காதீங்க டீச்சர், சுவரைப் பாருங்க" என்றாள் பிசியோ.

"சுவரும் ஆடுதேம்மா."

பின்வரிசையிலிருந்து ஒரு முனகல். "ரேடியோ இருந்தப்போ எல்லாரும் நல்லாத்தான் நின்னோம்."

"அவங்க பேச்சை எடுக்காதீங்க!" என்று அதட்டினாள் பிசியோ.

ரேடியோ அந்த வகுப்பின் எட்டாவது ஆள். வாய்க்காக வைத்த பெயர். வந்ததிலிருந்து போகும்வரை மருமகள் புராணம். போன வாரம் பிசியோ பொறுக்காமல் வெளியே அனுப்பிவிட்டாள்.

"வீட்டுக்கு வந்த பொண்ணை இப்படி ஊரெல்லாம் நாறடிக்கிறீங்களே, இனிமே வராதீங்க."

நியாயம்தான். பிசியோவும் ஒரு வீட்டு மருமகள்.

"கடைசித் தடவை. யாரும் மூச்சு விடக் கூடாது."

டீச்சர் காலைத் தூக்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. கை நாற்காலியைத் தேடிப் போனது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

"நேத்து அவ என்ன பண்ணினா தெரியுமா டீச்சர்?"

ரேடியோதான். வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

டீச்சரின் கை பாதியில் நின்றது. "என்ன பண்ணினா?"

"சர்க்கரை டப்பாவை மேல் தட்டுல வெச்சுட்டு, ஸ்டூலைக் கொண்டுபோய்ப் பூட்டிட்டா!"

"அடிப்பாவி! எலும்பு தேஞ்ச மனுஷி எப்படி எட்டி எடுப்பா?"

"கேட்டா, 'எக்குங்க அத்தை, வகுப்புல அதானே சொல்லித் தர்றாங்க'ங்கறா."

டீச்சர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டார். "உன் பிள்ளை எங்க போனான்?"

"பூட்டு வாங்கிக் குடுத்ததே அவன்தான்!"

"நான் மட்டும் அங்க இருந்திருக்கணும்..."

பிசியோ கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தோரு விநாடி. டீச்சர் இன்னும் ஒற்றைக்காலில். பின்னால் ஆறு பேர், அவர்களும் ஒற்றைக்காலில் நின்றபடி மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிசியோ சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். ரேடியோவை உள்ளே கூப்பிட்டாள். பட்டியலில் அடித்துவிட்ட பெயரை மறுபடி சேர்க்க வேண்டுமே, அவளுடைய படிவத்தை எடுத்தாள். இப்போதுதான் படித்தாள்.

திருமணம்: ஆகவில்லை. உடன் வசிப்பவர்: பூனை.

"ஏம்மா... அப்போ அந்த மருமக?"

"மெதுவாப் பேசு. காலையே நெனச்சுக்கிட்டு நின்னா பயம்தான் வரும். பயம் போகணும்னா கோபம் வரணும். யார் மேலயாவது வரணுமில்ல? நிஜமா இருக்கறவ மேல வர வெச்சா பாவம்."

மகன் வந்தான். சான்றிதழை இரண்டு தடவை படித்தான். சாவியை எடுத்து அம்மா கையில் வைத்தான்.

"நாற்பத்தோரு விநாடியா! யாருங்க இவங்களை நிக்க வெச்சது? நீங்களா?"

பிசியோ ரேடியோவைப் பார்த்தாள்.

"நான் இல்லைங்க. இந்தம்மாவோட மருமக."