எட்டாயிரத்துக்குள் ஒரு லென்ஸ்

புதுக்கோட்டையில் பழைய லென்ஸ் விற்கும் நாஜியாவின் கடைக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து, மேசையில் கேமராவை வைத்தார்.

"தூரத்துல இருந்து எடுக்கிற லென்ஸ் வேணும்மா. எட்டாயிரத்துக்கு மேல முடியாது."

நாஜியா ஒரு நீள லென்ஸை எடுத்தாள். "எதை எடுக்கப் போறீங்க?"

"ஒரு பொண்ணை. காருக்குள்ள இருந்தே எடுக்கணும். கண்ணாடியில வெளிச்சம் அடிக்காம இருக்க ஏதோ ஃபில்டர் இருக்காமே?"

நாஜியா லென்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியவே கூடாது."

நாஜியா போனை எடுத்துவிட்டாள். "வெளிய போங்க. போலீஸைக் கூப்பிடுவேன்!"

அவர் பதறிப்போனார். "எம் மகதாம்மா! நாளைக்குத் திருவரங்குளம் கோயில்ல அவளுக்குக் கல்யாணம். அவளா விரும்புன பையன். வரமாட்டேன்னு நான்தான் கத்திட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள போறது?"

"மக கூப்பிடலையா?"

"தெனமும் போன் பண்றா. நான்தான் எடுக்கிறதில்ல."

நாஜியா நீள லென்ஸை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சின்ன லென்ஸ் ஒன்றை அவர் கேமராவில் மாட்டிக் கொடுத்தாள்.

"நாலாயிரம் போதுங்கய்யா. ஃபில்டரும் வேணாம். ஆனா இதுல எடுக்கணும்னா, பொண்ணு பக்கத்துல போய்த்தான் நிக்கணும்."