ஐந்தாவது கோரிக்கை

“நாளைக்குப் பேசுறவங்க பட்டியல்ல இருந்து லோர்னா பேரை எடுத்துடுங்க. கூட இருந்தே காட்டிக் கொடுக்கிறவ நமக்காகப் பேச வேண்டாம்,” என்றார் பெவர்லி.

அமெரிக்காவின் டொலிடோ நகரக் கிளை நூலகத்தின் கூட்ட அறையில், மடக்கு நாற்காலிகளில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எல்லாரும் ஒரே காப்பீட்டு நிறுவனத்தில் மென்பொருள் எழுதியவர்கள். வேலை கடல் தாண்டிப் பிலிப்பைன்ஸின் செபு நகரத்துக்குப் போனபின், செவ்வாய் மாலைதோறும் இங்கே கூடுகிறவர்கள். மறுநாள் மாநிலத் தலைநகரில், செனட் குழுவின் முன் அவர்களுடைய கோரிக்கைகள் வைக்கப்படவிருந்தன.

க்ளென் அவற்றை இன்னொரு முறை உரக்கப் படித்தார். அரசாங்கப் பணத்தில் நடக்கும் மென்பொருள் வேலை நாட்டை விட்டுப் போகக் கூடாது. வேலையை வெளியே அனுப்பும் நிறுவனம், வாங்கிய வரிச்சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆட்குறைப்பை ஆறு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசுகிறவர், தான் எந்த நாட்டிலிருந்து பேசுகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

“சொன்னா மட்டும்?” என்றார் ரோஸ்கோ. “நம்மாளு ‘அங்க வெயில் எப்படி?’ன்னு கேட்டுட்டு, அவன்கிட்டயே பேசிட்டிருப்பான்.”

சிரிப்பு அடங்கக் காத்திருந்து, க்ளென் குரலை உயர்த்தினார்.

“ஐந்தாவது. தன் இடத்துக்கு வருகிற வெளிநாட்டு ஆளுக்குத் தானே பயிற்சி கொடுக்கும்படி யாரையும் நிர்ப்பந்திக்கக் கூடாது.”

அது அவருடைய சொந்தக் கோரிக்கை. ‘செபுக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் மருத்துவக் காப்பீடு தொடரும், மறுத்தால் இன்றோடு சரி’ என்று மேலாளர் அறிவித்தபோது, மனைவி மார்னி புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தும், எழுந்து வெளியேறியவர் அவர் ஒருவர்தான்.

அந்தக் கதைக்கு இந்த அறையில் பல வடிவங்கள் உண்டு. பெவர்லி சொன்னால், க்ளெனின் அடையாள அட்டை மேசைமேல் விழும். ரோஸ்கோ சொன்னால், மேலாளரின் காபிக் கோப்பைக்குள் விழும். முடிவு மட்டும் எல்லார் வாயிலும் ஒன்றே: பயந்துபோன நிறுவனம் அவருடைய காப்பீட்டை நிறுத்தவே இல்லை.

“பத்திரிகைக்குப் போவேன்னு ஒரே ஒரு வார்த்தைதான். நடுங்கிட்டானுங்க,” என்பார் க்ளென்.

“லோர்னா விஷயத்துக்கு வாங்க,” என்று பெவர்லி விடாமல் பிடித்தார். “அவளோட பயிற்சி கோடையிலேயே முடிஞ்சு போச்சு. இன்னும் தினமும் இதே நூலகத்துக் கண்ணாடி அறையில உக்காந்து, செபுக்காரப் பொண்ணுக்குப் பாடம் எடுக்குறா. இப்பவும் அங்கதான் இருக்கா.”

“கம்பெனியில ரகசியமா ஏதாவது தராங்களோ என்னவோ,” என்றார் ஒருவர்.

“வாங்கி எங்க வைக்கிறா? வீட்ல இன்டர்நெட்டைக்கூட வெட்டிட்டு, நூலகத்து வைஃபையில பொழைக்கிறா. கஞ்சப் பிசினாறி!” என்றார் ரோஸ்கோ.

க்ளென் சிரிக்கவில்லை. அவரும் லோர்னாவும் இருபது ஆண்டுகள் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தவர்கள். இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும் பழைய நிரலில் பாதி அவர் எழுதியது, பாதி லோர்னா எழுதியது. ஒருவர் விடுப்பெடுத்தால் மற்றவர் இரண்டையும் பார்த்துக்கொள்வார்.

லோர்னா தனியாள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்த அறையை விட்டால் வேறு யாரும் இல்லை. கதவோரத்து நாற்காலிதான் அவருக்கு எப்போதும். வாராவாரம் ஒரு டோனட் பெட்டி வாங்கி வருவார். இன்றும் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். யாரும் திறக்கவில்லை.

க்ளெனுக்கு மட்டும் வேறு யார் இருக்கிறார்கள்? இந்த அறையை விட்டால், மருந்து மயக்கத்தில் மார்னி தூங்கும் வீட்டின் மௌனம்தான். இங்கே எல்லார் கண்ணும் இப்போது அவர்மேல் இருந்தது.

“நானே போய்ச் சொல்லிடறேன்,” என்று எழுந்தார்.

கண்ணாடிக் கதவைத் திறந்ததும் லோர்னா பதறிப்போய்க் காதுக்கருவியைப் பிடுங்கினார். கணினியோடு இருந்த அதன் இணைப்பும் கழன்று வந்துவிட்டது.

“நாளைக்கு நீ வர வேணாம், லோர்னா. இனிமே செவ்வாய்க்கிழமைக்கும் வேணாம்.”

லோர்னா காதுக்கருவியின் கம்பியைச் சுருட்டி மேசைமேல் வைத்தார்.

“சரி, க்ளென். மார்னிக்கு அடுத்த ஊசி வியாழக்கிழமைதானே?”

“பேச்சை மாத்தாத. வெளியில நாங்க இதை நிறுத்தணும்னு நாயா அலையறோம். நீ உள்ள உக்காந்து அவங்களுக்கு வாரி வழங்குற. வெக்கமா இல்ல?”

“அந்த டோனட் பெட்டியை மட்டும் யாராவது திறந்துடுங்க. காஞ்சு போயிடும்,” என்றார் லோர்னா, மெல்ல.

அப்போது கணினியிலிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல் அறைக்கே கேட்கும்படி ஒலித்தது.

“க்ளென் சாரா வந்திருக்கீங்க? நான் செபுல இருந்து ஜோவெலின்! உங்க நிரலை எத்தனை நாளாப் படிக்கிறேன், இன்னைக்குத்தான் உங்க குரலைக் கேக்குறேன்! மார்னி மேடம் எப்படி இருக்காங்க?”

“ஜோவெலின், போதும்மா. அப்புறம் பேசலாம்,” என்று லோர்னா கணினியை மூடப் போனார்.

க்ளென் அவர் கையைத் தடுத்தார். “என் நிரலா? அதை உனக்கு யாரு சொல்லிக் கொடுக்கிறா?”

“லோர்னா மேடம்தான், சார். அவங்க பங்கு எப்பவோ முடிஞ்சுபோச்சு. இப்ப நடக்குறது உங்க பங்கு. உங்களுக்குப் பதிலா அவங்க சொல்லிக் கொடுத்துக்கிட்டிருக்கிற வரைக்கும் உங்க காப்பீட்டை நிறுத்த மாட்டோம்னு மேலாளர் ஒத்துக்கிட்டாரே... உங்களுக்குத் தெரியாதா, சார்?”