வழுக்கை டயர்

காரின் நான்கு டயர்களும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன, மாற்றுங்கள் என்று பஞ்சவர்ணம் சொல்லும்போதெல்லாம் அவள் கணவன் விமலன், “இன்னும் தாங்கும் லா” என்பான். மழையில் கார் சறுக்கி டிவைடரில் உரசிய அன்றும் அதையேதான் சொன்னான்.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன இடத்தில், மலேசியாவின் கிள்ளான் நகர லிட்டில் இந்தியாவில் நிறுத்தியிருந்த அந்தக் கார் காணாமல் போனது. அதன்பிறகு விமலனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து போலீஸ் இருவரையும் கூப்பிட்டது. பந்திங் என்ற ஊரில் காரும் அகப்பட்டிருந்தது, திருடனும் அகப்பட்டிருந்தான்.

ஸ்டேஷன் வாசலில் காரைச் சுற்றி வந்த விமலன் அப்படியே நின்றுவிட்டான். நான்கும் புது டயர்கள்.

உள்ளே விலங்கோடு உட்கார்ந்திருந்தவனிடம், “நீயா மாத்துன?” என்று கேட்டான்.

“ஆமா அங்கிள். அந்த டயர்ல எப்படி ஓட்டுனீங்க? பழசக்கூட கண்ட எடத்துல வீசல, ரீசைக்கிள் பண்ணச் சொல்லி கடையிலயே குடுத்துட்டேன்.”

“திருட்டுக் காருக்கு எதுக்குப்பா இவ்வளவு செலவு?” என்றாள் பஞ்சவர்ணம்.

“டயரப் பாத்துட்டு என் வைஃப் ஏறமாட்டேன்னுட்டா ஆன்டி. வீட்ல சொன்னா கேக்கணும்ல?”

பஞ்சவர்ணம் கணவன் பக்கம் திரும்பினாள்.

கார் கிடைக்காமலே போயிருக்கலாம் என்று விமலனுக்கு முதன்முறையாகத் தோன்றியது.