பறித்த நாளின் வைன்

பிரான்சில், போர்தோ ஊரின் ஒரு நிலவறையில், வைனை வாயில் வைத்திருக்கும்வரை, திராட்சை பறித்த நாளின் சத்தங்கள் கேட்கும். ருசித்தவர்கள் குருவிகளின் சத்தத்தைக் கேட்டு வியந்துவிட்டு, வைன் ருசிபார்ப்போரின் வழக்கப்படி விழுங்காமல் வாளியில் துப்பினார்கள்.

தர்மினி, தன் கணவர் இங்கே பழம் பறித்த ஆண்டின் போத்தலைக் கேட்டு வாங்கினாள். மகள் ஆரணி பிறக்குமுன்பே அவர் இறந்துவிட்டார்.

ஒரு வாய் எடுத்த தர்மினி அப்படியே நின்றாள்.

"என்னம்மா கேக்குது?"

வாய் திறக்காமல் கிண்ணத்தை மகளிடம் நீட்டினாள். ஆரணியும் ஒரு வாய் எடுத்தாள். கத்தரிக்கோல்களின் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆண்குரல் சிரித்தபடி தமிழில் சொன்னது:

"கெதியா வெட்டுங்கோ, மழை வரப்போகுது!"

அப்பாவின் குரலை அவள் முதல்முறையாகக் கேட்டாள்.

வழிகாட்டி வாளியை நீட்டினார். இருவரும் வாயை இறுக மூடியபடி, அந்த மழை வரும்வரை நின்றார்கள்.