ஒகிரோரின் பங்கு

மாமரத்தடியில் ஒரு பானைக் கேழ்வரகுக் கள் நுரைக்கிறது. ஐந்து கிழவர்கள் நீண்ட குழல்களால் உறிஞ்சுகிறார்கள். அவர்களில் ஒருவரான ஒகிரோரின் இரத்த அழுத்தம் இருநூறு. மாதம் முழுக்க அவர் போடவேண்டுமென்று செவிலியான நான் கொடுத்த முப்பது மாத்திரைகளில் ஆறே நாளில் ஒன்றுதான் மிச்சம். “எங்க போச்சு தாத்தா?” “ஒரே பானையில குடிக்கிறவங்க பாத்துட்டிருக்க, நான் மட்டும் எப்படிம்மா முழுங்குறது? தினம் ஆளுக்கொண்ணு.” “அவங்களுக்குத்தான் அழுத்தமே இல்லையே!” “எப்படி இருக்கும்? அதான் மாத்திரை போடுறோமே,” என்கிறார் பக்கத்துக் கிழவர். பானையைச் சுற்றிச் சிரிப்பு. உங்கள் தம்பி இப்படித்தான் அழுத்தம் ஏறிக் கை கால் விழுந்து கிடந்தார் என்று நான் கத்துகிறேன். ஒகிரோர் என் கழுத்தையே பார்க்கிறார். “நரம்பு புடைக்குது பொண்ணே. இந்தா, இன்னைக்கு என் பங்கு.” வலது கை அந்தக் கடைசி மாத்திரையை நீட்டுகிறது. இடது கையிலிருந்த குழல் நழுவி மண்ணில் கிடக்கிறது. அவருக்கு அது தெரியவில்லை.