ஸ்தோத்திரச் சீட்டு

போதகர் சீட்டுக் கட்டை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

அம்மாவின் சீட்டு எது என்று அவனுக்கு இங்கிருந்தே தெரிந்தது. நாலாக மடித்தது அது ஒன்றுதான்.

அடியிலிருந்து மூன்றாவது.

அதற்கு மேல் பதினொன்று.

மாதத்தின் முதல் ஞாயிறு நன்றிச் சீட்டு வாசிப்பது இந்தச் சபையின் வழக்கம். அச்சடித்த சீட்டு. மூன்று கோடுகள். பெயர். யாருக்காக. காரணம். பெயரை வாசித்ததும் எழுதியவர் எழுந்து நிற்க வேண்டும். காரணத்தை வாசித்ததும் சபை ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லும். பிறகு உட்காரலாம்.

“கிரேஸ் பொன்மணி. தனக்காக. மூட்டு வலி குறைந்ததற்காக.”

அவர் எழுந்து நிற்பதற்குள் ஸ்தோத்திரம் முடிந்துவிட்டது.

“வேதமாணிக்கம் குடும்பத்தார். மகனுக்காக. கத்தாரில் வேலை கிடைத்ததற்காக.”

குடும்பத்தார் ஏழு பேரும் எழுந்தார்கள். நிதானமாக உட்கார்ந்தார்கள்.



வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

“பாஸ்தான?”

“ம்” என்றான்.

அதைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. வாயையே திறக்கவில்லை.

நாலு பேப்பர் போயிருந்தது.

இன்று காலை அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவன் பேனாவால், சீட்டு எழுதினாள். இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். பரீட்சை ஹாலில் அவனிடம் யாரும் அப்படி மறைத்ததில்லை. மறைத்திருந்தால் ஐந்து போயிருக்கும்.

அப்போதே சொல்லியிருக்கலாம்.

சட்னி நன்றாக இருக்கிறது என்று சொன்னான்.

“ஏல, கால ஆட்டாத. பெஞ்சே ஆடுது.”

பக்கத்தில் ஞானையா சார். அவன் படிக்கும் கல்லூரியில் தேர்வுப் பிரிவு கிளார்க். ரிசல்ட் தாளைப் பலகையில் ஒட்டியதே அவர்தான்.

அம்மா எழுந்து நிற்பாள். ‘மகன் தேர்ச்சி பெற்றதற்காக’ என்று போதகர் வாசிப்பார். இருநூறு பேர் ஸ்தோத்திரம் சொல்வார்கள். ஞானையா சார் மட்டும் திரும்பி அவனைப் பார்ப்பார்.

பொய் அவனுடையது. நடுச் சபையில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போவது அவள்.

இன்னும் ஆறு.

மயக்கம் போட்டு விழலாம். ஆனால் நடிப்பு வராது. போன கிறிஸ்மஸ் நாடகத்தில் ஆடாக நடித்து, ஆடு மாதிரி இல்லை என்று திட்டு வாங்கியவன்.

இன்னும் மூன்று.

கர்த்தரிடம் கேட்கலாம். என்னவென்று கேட்பது? கரண்ட் போனாலும் போதகருக்குக் கணீர்க் குரல். சற்று முன்தான் தேவனின் நிபந்தனையற்ற அன்பைப் பற்றி நாற்பது நிமிடம் பிரசங்கித்தார். அதற்குத் தகுதி பெற ஏழு நிபந்தனைகள் சொன்னார். அவன் விரல் விட்டு எண்ணியிருந்தான்.

“சாந்தகுமாரி. வீட்டுக்காக. போர் தண்ணீர் உப்புக் கரிக்காததற்காக.”

ஸ்தோத்திரம்.

போதகர் நாலு மடிப்பைப் பிரித்தார்.

“செல்வபாய்.”

பெண்கள் பக்கம் அம்மா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“மகனுக்காக.”

அவன் குனிந்து தன் செருப்பில்லாத கால்களைப் பார்த்தான்.

ஒன்றும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

நிமிர்ந்தான். போதகர் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

“காரணம் எழுத விட்டுப்போச்சாம்மா?”

“விட்டுப்போகல ஐயா. அவ்வளவுதான்.”

யாரோ லேசாகச் சிரித்தார்கள். போதகர் காத்திருந்தார். காரணம் வராமல் ஸ்தோத்திரம் சொல்லிச் சபைக்குப் பழக்கமில்லை. சபையும் காத்திருந்தது.

அம்மா நின்றுகொண்டே இருந்தாள்.

“ஸ்தோத்திரம்” என்றார் ஞானையா சார். தனியாக. சத்தமாக.

அதன் பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள்.

அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

தப்பித்துவிட்டான். நியாயமாகப் பார்த்தால் மூச்சு லேசாகியிருக்க வேண்டும். பிடிபட்டால் என்ன செய்வது என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தான். அழுவது வரைக்கும் திட்டம் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடந்தார்கள். உச்சி வெயில். அம்மா குடையை விரித்தாள். அவனும் அதற்குள் பாதி வந்தான்.

ரேஷன் கடை தாண்டியது. தண்ணீர்த் தொட்டி தாண்டியது. அம்மா போர் தண்ணீரைப் பற்றிப் பேசினாள். சாந்தகுமாரி வீட்டுத் தண்ணீர் இன்னும் கரிக்கத்தான் செய்கிறது என்றாள்.

வீட்டு முனை தெரிந்தது.

“அம்மா.”

“என்னல.”

“நாலு பேப்பர் போயிட்டும்மா.”

அம்மா நின்றாள்.

“நாலா?”

அவன் தார் ரோட்டைப் பார்த்தான்.

“ஞானையா சார் மூணுன்னுல்லா சொன்னாவ.”

குடையை மறு கைக்கு மாற்றினாள்.

அவன் பக்கத்துக் கை இப்போது காலியாக இருந்தது.