கருவியின் கடைசி வரி

“அக்கா, முகப்புப் பக்கத்தின் கோப்பு, நாற்பதாவது வரி. இரண்டு சொற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி கூடுதலாக இருக்கிறது. எடுத்துவிடவா?”

எடுத்துவிடு என்று பதில் போட்டேன்.

காலை பத்து மணிக்குள் அது பதினான்காவது கேள்வி. என் முதுகுக்குப் பின்னால் டீம் லீட் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

“என்ன மேடம் இது, தும்மறதுக்குக்கூட உங்ககிட்ட பர்மிஷன் கேட்கும் போலிருக்கே!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் அலுவலகத்தில் நிரல் எழுதுவது பெரும்பாலும் ஏஜென்ட்தான். ஆள் இல்லை, மென்பொருள். திரையில் என்னைக் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதான். அதன் கைவசம் இருபத்து மூன்று கருவிகள். கோப்பைத் திறக்க ஒன்று, தேட ஒன்று, சோதனை ஓட்ட ஒன்று. எதை எப்போது எடுப்பது என்று அதற்குத் தெரிவதெல்லாம், ஒவ்வொரு கருவிக்கும் கீழே எழுதியிருக்கும் நான்கைந்து வரிகளை வைத்துத்தான்.

அந்த வரிகளை எழுதியவன் என் தம்பி.

எனக்கு இரண்டு மேசை தள்ளி அவன் இருக்கை. ஒரு கருவிக்கு விளக்கம் எழுத அரை நாள் எடுத்துக்கொள்வான். கேட்டால், “அதுக்கு நம்மள மாதிரி ஜாடை புரியாதுக்கா. எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லணும்” என்பான்.

கடைசிக் கருவியின் விளக்கத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில், மடிக்கணினியை வயிற்றின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதினான். வேலையில் சந்தேகம் வந்தால் ஏஜென்ட் மனிதரிடம் கேட்பதற்கான கருவி அது. மற்றதெல்லாம் ஆங்கிலத்தில், இது மட்டும் தமிழில்.

“என்னடா அப்படி எழுதறே?”

“உன்னைப் பத்திக் கோள் மூட்டிட்டிருக்கேன்.”

லீட் இப்போது அந்த விளக்கத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

‘சந்தேகம் வந்தால் இந்தக் கருவியால் அக்காவைக் கேள். எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன செய்யப்போகிறாய், மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடு. சுற்றி வளைக்காதே, அவளுக்குப் பொறுமை கிடையாது. அக்கா என்றே கூப்பிடு. மேடம் என்றால் எரிந்து விழுவாள்.’

லீட் இரண்டு முறை படித்தார்.

“மத்த எல்லாத்துலயும் கடைசி வரியில, இதை எப்ப எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருப்பான். இதுல அது இல்ல. அதான் இப்படிக் கேட்டுத் தள்ளுது. பாவம், வலியில மறந்துட்டான் போல.” பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “பேசாம இந்தக் கருவியையே எடுத்துடலாம் மேடம்.”

தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பிழை அவன் பெயரிலேயே நின்றிருக்கும்.

“அவன் மறக்கல. எழுதியிருந்தான். நான்தான் எடுத்தேன்.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

தம்பி இறந்த பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். கணினியைத் திறந்ததும் திரையில் ஒரு கேள்வி. ‘அக்கா’ என்று தொடங்கியது. பதில் போட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தேன். சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. அன்று முழுக்க அது என்னை மறுபடி கூப்பிடவே இல்லை.

மாலை கிளம்புமுன் அந்தக் கடைசி வரியை அழித்தேன்.

லீட் எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் போட்டார்.

“திரும்பப் போட்டுடுங்க. மத்தியானத்துக்குள்ள போதும்” என்றார். இந்த முறை மேடம் சேர்க்கவில்லை.

பழைய பதிப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஓர் எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது. தட்டினேன்.

‘சின்ன விஷயத்துக்கெல்லாம் அவளைக் கூப்பிடாதே. ராத்திரி பகலாக நான் கூப்பிட்டதே போதும்.’

சேமிக்கும் பொத்தானுக்கு விரல் போவதற்குள் ஒரு கேள்வி வந்து விழுந்தது.

“அக்கா, பிழைச் செய்தியின் கோப்பு, ஏழாவது வரி. முற்றுப்புள்ளி இல்லை. வைத்துவிடவா?”

அரை மணி நேரம் பதில் வராவிட்டால் அது தானே முடிவெடுத்துக்கொள்ளும்.

ஒரு சொல் போதும். இருபத்தொன்பது நிமிடம் அந்தக் கேள்வியைத் திரையில் அப்படியே வைத்திருந்தேன்.